ஒரே 1.1, இரண்டு சிறுநீரகங்கள்

கடந்த வைகாசியில் ஒரு காலை, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கமுள்ள ஆய்வுகூடம் ஒன்றில் எழுபது வயது அம்மாவும், துணைக்குப் போன முப்பது வயது அக்கா மகனும் அடுத்தடுத்துக் குருதி கொடுத்தார்கள். இருவருக்கும் கிரியேற்றினின் 1.1. “எனக்கும் அம்மம்மாவுக்கும் ஒரே சிறுநீரகம்” என்று அவன் சிரித்தான். அறிக்கையில் சிவப்பு அடையாளம் எதுவும் இல்லாததால் அம்மாவும் அதை மடித்து, கிளினிக் கொப்பியோடு சொப்பிங் பைக்குள் வைத்துவிட்டார்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கிரியேற்றினின் தசையிலிருந்து நாளாந்தம் வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. பாரம் தூக்கி உடம்பை வளர்த்திருக்கும் மருமகனுக்கு அந்த வரவு அதிகம். காற்றடித்தால் பறந்துவிடுவார் போலிருக்கும் அம்மாவுக்கு வரவே சொற்பம். அப்படியிருந்தும் அவருக்கும் 1.1 நிற்கிறது என்றால், வடிப்பது குறைந்திருக்கிறது. கிரியேற்றினினோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் ஈஜிஎஃப்ஆர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி மருமகனுக்கு ஏறத்தாழ 93, அம்மாவுக்கு 54. இது 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். தசை கூடியவர்களுக்கு இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே மருமகனின் நிலை 93ஐவிட நன்றாகவே இருக்கலாம்.

வெறும் கிரியேற்றினினை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடிகட்டும் திறனில் பாதியளவு போகும் வரைக்கும்கூட அது வழமையான எல்லைக்குள்ளேயே இருந்துவிடலாம். போதாததற்கு, முதல் நாள் இரவு ஆட்டிறைச்சிக் கறியை ஒரு பிடி பிடித்தால் மறுநாள் எண் சற்று ஏறும். சமைத்த இறைச்சியிலேயே கிரியேற்றினின் இருக்கிறது. அலகு செய்யும் கூத்து வேறு. எங்கள் 1.1 டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு. சில ஆய்வுகூடங்கள் லீற்றருக்கு மைக்ரோமோலில் அறிக்கை தரும். அதே 1.1 அங்கே 97 ஆகிவிட, வீட்டில் ஒரே கலவரம். 88.4ஆல் வகுத்தால் பழைய எண்ணே திரும்பி வரும்.

குருதியில் உள்ள இன்னொரு பொருளை, ஒரு சிறிய புரதத்தை, அளக்கும் சிஸ்டாட்டின் சி பரிசோதனைக்குத் தசையும் இறைச்சியும் பெரிய பொருட்டல்ல. அம்மாவைப் போல மெலிந்தவர்களுக்கு அது நேர்மையான சாட்சி. ஆனால் விலை கூடியது, தைரொயிட் கோளாறும் ஸ்டீரொயிட் மருந்தும் அதையும் குழப்பும். ஈஜிஎஃப்ஆரில் சந்தேகம் வந்தால் மட்டும் அதற்குச் செலவழிக்கலாம். வடிப்பை அளக்க இருபத்துநான்கு மணிநேரச் சலம் (சிறுநீர்) சேர்ப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். காலை முதற் சலத்தைக் கழித்துவிட்டு, மறுநாள் காலை வரை ஒரு தடவையும் தவறாமல் கானில் பிடிக்க வேண்டும். இடையில் ஒரு கலியாண வீடு வந்தால் கணக்கு முடிந்தது.

மலிவாகவும் மதிப்பாகவும் எனக்குப் படுவது சலத்தில் அல்புமின் என்ற புரதத்தைக் கிரியேற்றினினோடு ஒப்பிடும் பரிசோதனை. சிறிய போத்தலில் காலைச் சலம் போதும். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் வடிகட்டியில் கசிவு இருக்கிறது. சலரோகக்காரருக்குக் குருதியில் கிரியேற்றினின் அசையும் முன்பே இந்தக் கசிவு பெரும்பாலும் தெரிந்துவிடும். காய்ச்சலும் சலக்கிருமித் தொற்றும் அதைத் தற்காலிகமாகக் கூட்டும் என்பதால், ஒருமுறை கூடியதும் தலையில் கை வைக்கத் தேவையில்லை. திரும்பச் செய்து பார்க்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் இரண்டைத்தான் சொல்வேன்: ஈஜிஎஃப்ஆரும் இதுவும். முன்னது எவ்வளவு வடிகிறது என்கிறது, பின்னது எவ்வளவு ஒழுகுகிறது என்கிறது.

அம்மாவுக்கு அல்புமின் 86. வைத்தியர் முதலில் கேட்டது முழங்கால் வலிக் குளிசையைப் பற்றி; வலிக் குளிசைகள் சில சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பார்மசியில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டிருக்கிறார், எங்களுக்கும் தெரியாது. அதை நிறுத்தச் சொல்லி, மூன்று மாதம் கழித்து இரண்டையும் திரும்பச் செய்யச் சொன்னார். அந்தத் திகதி நல்லூர்த் திருவிழாவுக்குள் விழுகிறது. வீட்டில் மச்சம் சமைக்காத நாட்கள். இந்தமுறை ஆட்டிறைச்சியின் மேல் பழி போட முடியாது.