'ப்ரீ போன்' மேசையில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

நியூயார்க்கில், அதுவும் குயின்ஸ் பக்கம் இருக்கிறவர்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். கடைத்தெருவிலும் சப்வே படிக்கட்டு அருகிலும் பெரிய குடை விரித்து, மடக்கு மேசை போட்டு, 'ப்ரீ போன், ப்ரீ போன்' என்று கூப்பிடுகிறார்களே, அங்கே போட்ட ஒரு கையெழுத்தால் என் மாமியாரின் பழைய நம்பரே போகப் பார்த்தது. அதை மீட்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அந்த ப்ரீ போனுக்குப் பின்னால் இருக்கும் அரசுத் திட்டத்தில் மோசடி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லைஃப்லைன் என்பது 1985-லிருந்து இருக்கும் போன் கட்டணச் சலுகை. ரீகன் காலத்தில் ஏழை வீடுகளின் லேண்ட்லைனுக்காக வந்தது, செல்போனுக்கு வந்தது பிறகுதான் (இதைப் போய் இன்னும் 'ஒபாமா போன்' என்கிறார்கள்). மெடிகெய்ட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), ஃபுட் ஸ்டாம்ப் (உணவு உதவி), எஸ்.எஸ்.ஐ. (வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை) மாதிரி ஏதாவது ஒன்று இருந்தால் போதும், இல்லாவிட்டால் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 135 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 21,100 டாலர். கிடைப்பது மாதம் 9.25 டாலர் வரை தள்ளுபடி. அந்தப் பணம் நம் கைக்கு வராது, போன் கம்பெனிக்குப் போகும். ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். இந்த இரண்டு விஷயமும் மனதில் இருந்தால் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும்.

அத்தைக்கு மெடிகெய்ட் உண்டு. அதை வைத்து வேறொரு கம்பெனியில் சில வருடங்களாகவே லைஃப்லைன் போன் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஆபீஸ், மருந்துக்கடை, ஊரில் இருக்கும் தங்கைகள் என்று எல்லோரிடமும் இருப்பது அந்த ஒரு நம்பர்தான். பக்கத்து வீட்டு அக்காவோடு காய்கறி வாங்கப் போன இடத்தில் மேசைக்காரப் பையன் 'மம்மி, மம்மி' என்று கூப்பிட்டிருக்கிறான். "என்கிட்ட ஏற்கெனவே இருக்குப்பா" என்று அத்தை தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லியும் பார்த்திருக்கிறார். அதற்கு அவன், 'நோ ப்ராப்ளம், திஸ் இஸ் எக்ஸ்ட்ரா' என்றானாம். எக்ஸ்ட்ரா என்று ஒன்று இந்தத் திட்டத்தில் கிடையவே கிடையாது. மெடிகெய்ட் கார்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பிறந்த தேதியையும் சோஷியல் செக்யூரிட்டி நம்பரின் கடைசி நாலு இலக்கத்தையும் கேட்டுக்கொண்டு, டேப்லெட்டை இவர் பக்கம் திருப்பி 'சைன் ஹியர்' என்று கட்டத்தைக் காட்டியிருக்கிறான். மேலே என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொல்ல அவனுக்கு நேரமில்லை, அடுத்த ஆள் நிற்கிறார் பாருங்கள்.

அந்த வாரமே பழைய போனில் சிக்னல் போய்விட்டது. சிம் கழன்றிருக்கும் என்று எடுத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தோம். அப்புறம் பழைய கம்பெனிக்குப் போன் பண்ணினால், "உங்கள் சலுகை வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டது, நீங்களே சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள்" என்கிறார்கள். புதிய போனோ வேறு நம்பர், எங்கள் அபார்ட்மெண்டுக்குள் ஜன்னலோரம் நின்றால்தான் பேச முடியும். அவர்களுடைய கஸ்டமர் கேரில் மனிதக் குரல் வருவதற்குள் அரை நாள் வேலை போகிறது.

இவர்கள் செய்தது 'பெனிஃபிட் டிரான்ஸ்ஃபர்'. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு, தப்பில்லை. ஆனால் மாற்றினால் பழைய இடத்தில் சலுகை போய்விடும் என்பதை விளக்கி, நாம் சரி என்ற பிறகுதான் மாற்ற வேண்டும். ஆள் சேர்ப்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கக் கூடாதென்று எஃப்.சி.சி. (தொலைத்தொடர்பை மேற்பார்க்கும் அமெரிக்க அரசு ஆணையம்) 2019-லேயே தடை போட்டாகிவிட்டது. அந்தப் பையனின் அவசரத்தைப் பார்த்தால் அந்தத் தடையை மதிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எஃப்.சி.சி. இணையதளத்தில் புகார் கொடுத்தோம், அதற்குக் காசு கிடையாது. போன் கம்பெனி 30 நாளைக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பதிலோடு 'சம்மதப் படிவம்' என்று ஒரு நகல் வந்தது. அந்தப் படிவத்தில் ஒவ்வொரு உறுதிமொழிக்கும் பக்கத்தில் விண்ணப்பிப்பவர் தன் இனிஷியலைப் போட வேண்டும். எல்லா வரிக்கும் பக்கத்தில் அழகாக இரண்டு ஆங்கில எழுத்துகள். கீழே கையெழுத்து மட்டும் தமிழில், விரலால் எழுதிய கோணல் எழுத்தில். அத்தைக்கு ஆங்கிலத்தில் இனிஷியல் போடும் பழக்கமே கிடையாது. இதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதியதும்தான் இறங்கி வந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இன்னும் மோசம். அதே வீட்டில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் மகன் பெயரிலும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டியிருக்கிறான். வருமானத்தையும் செலவையும் பகிர்ந்து ஒரே முகவரியில் இருந்தால் அது ஒரே குடும்பம்தான். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்தே போடுகிறோம், நாளைக்குப் பிரச்சினை வந்தால் அந்தப் பையனா வந்து நிற்பான்?

போன் வேண்டுமென்றால் நீங்களே விண்ணப்பியுங்கள். லைஃப்லைன்சப்போர்ட் டாட் ஓஆர்ஜி என்பதுதான் அரசுத் திட்டத்தின் தளம், சில மாநிலங்களுக்கு மட்டும் தனி வழி இருக்கலாம். மெடிகெய்ட் இருந்தால் பல சமயம் கணினியே சரிபார்த்துத் தகுதி உண்டென்று சொல்லிவிடும், இல்லையென்றால் கார்டு, கடிதம் இவற்றின் படத்தை ஏற்ற வேண்டும். தகுதி உறுதியான பிறகு உங்கள் வீட்டுக்குள் யாருடைய சிக்னல் கிடைக்கிறது என்று விசாரித்துக் கம்பெனியைப் பிடியுங்கள், பழைய நம்பரையே கொண்டுவர முடியுமா என்று அப்போதே கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும், விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள், 60 நாளைக்குள் பதில் போகாவிட்டால் சலுகை நின்றுவிடும். மாதம் ஒரு தடவையாவது போனைப் பயன்படுத்தவும் வேண்டும். யாராவது இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் தள்ளுபடி தரும் ஏ.சி.பி. திட்டம் என்று சொல்லிக் கூப்பிட்டால் நகர்ந்துவிடுங்கள், அந்தத் திட்டம் பணம் தீர்ந்து 2024 ஜூனிலேயே மூடியாகிவிட்டது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுப் பழைய லைன் செத்துவிட்டதா? சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பழைய கம்பெனியைக் கூப்பிட்டு நம்பரை விட்டுவிடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு மாதம் சொந்தக் காசு கட்ட வேண்டி வந்தாலும் கட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் காப்பாற்றினோம். சலுகையை மறுபடி பழைய இடத்துக்கே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நம்பர் வேறொருவர் கைக்குப் போய்விட்டால் போனதுதான். சந்தேகம் இருந்தால் லைஃப்லைன் உதவி மையம் 800-234-9473.