அலமாரிக் கதவுகளுக்கு மெதுவாக மூடும் கீல்கள்

சமையலறை அலமாரிக் கதவுகள் படாரென்று அடித்துக்கொள்வதை நிறுத்துவதற்காக, பழைய கீல்களைக் கழற்றிவிட்டு, பிளம் நிறுவனத்தின் ‘கிளிப் டாப் புளூமோஷன்’ கீல்களைப் பொருத்தினோம். கதவுகளில் 35 மி.மீ. விட்டமுள்ள குழிகள் முன்பே இருந்ததால் ஆசாரிக்கு வேலை எளிதாயிற்று. ஆயினும், கதவு பக்கப்பலகையை முழுவதும் மறைக்கிறதா, பாதி மறைக்கிறதா, சட்டத்துக்குள் அமர்கிறதா என்று பார்த்த பிறகே கீலின் வளைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கினால் கதவு ஒழுங்காகப் பொருந்தாது.

கதவின் குழிக்குள் அமரும் கீலின் கிண்ணம் போன்ற பகுதிக்குள்ளேயே அடங்கியிருக்கும் தணிப்பான், கதவை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் மூடும் தறுவாயில் அந்த விசையை உள்வாங்கிக்கொள்வதால், கண்ணாடிக் குவளைகள் உள்ள அலமாரிகூட அதிராமல் மூடுகிறது. எடை குறைந்த சிறிய கதவுகள் மட்டும் முதலில் மிக மந்தமாக மூடின. ஒரு கீலில் உள்ள சிறு பொத்தானை நகர்த்தி அதன் தணிப்பை நிறுத்தியதும் அவையும் சீராயின. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கதவுகளுக்கிடையே இடைவெளி கோணினால் திருகுகளைக் கொண்டு மூன்று திசைகளிலும் சரிசெய்யலாம்.

சாதாரணக் கீலைவிட விலை கூடுதல்தான். செலவைக் குறைக்க விரும்புவோர், பழைய கீல்களை வைத்துக்கொண்டே அலமாரியின் உள்மூலையில் திருகிப் பொருத்தும் தனித் தணிப்பானை வாங்கலாம். கீல்கள் தளர்ந்திருந்தால் மட்டும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.