ட்ரேடிங் பிசி வாங்கப் போகிறீர்களா? என் 74,500 ரூபாய் போன கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்ட்ராடே, அதாவது பங்கை வாங்கி அன்றைக்கே விற்கும் வியாபாரம், செய்கிறவர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் ஒரு ஆய்வில் சொன்னது. எனக்கு மார்க்கெட்டுக்குள் கால் வைக்கும் முன்பே 74,500 ரூபாய் போய்விட்டது, கம்ப்யூட்டர் கடையில்.

கடை கோவையில்தான் இருக்கிறது. அசெம்பிள்டு பிசி கடை. ‘ட்ரேடிங் செட்டப் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு. ரீல்ஸில் நாலு ஸ்க்ரீன், ஆறு ஸ்க்ரீன் என்று மின்னும். லேப்டாப்பில் பங்கு விலை சார்ட்டையும், வாங்கி விற்கும் ஆர்டர் விண்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் போனேன்.

நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். ஓனர் சிரித்தார். “அதெல்லாம் கேம் ஆடற பசங்களுக்குங்க்கா. சார்ட் ஓட்டறதுக்கு எதுக்கு? அந்தக் காசை ப்ராசஸர்லயும் ரேம்லயும் போடுங்க.” சரியான பேச்சு. இன்றைக்கும் அது சரிதான். கைக்கு வரும் காசை வேண்டாம் என்கிற ஆள் ஏமாற்றுவானா என்று யாருக்குத்தான் தோன்றும்? அங்கேதான் விழுந்தேன். டீ வந்தது. டெமோ சிஸ்டத்தில் பன்னிரண்டு சார்ட்டைத் திறந்து காட்டினார், வெண்ணெய் மாதிரி ஓடியது. “இதே ட்வெல்த் ஜென் ஐ7, அப்படியே உங்க வீட்டுக்கு வருதுங்க்கா.” ட்வெல்த் ஜென் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை ப்ராசஸர். 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 24 இன்ச் மானிட்டர் இரண்டு, யுபிஎஸ். மொத்தம் 74,500. ஜிஎஸ்டி பில் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். யுபிஐயில் பணம் போனது.

பையன் வந்து மாட்டிவிட்டு ஓடினான். பில் வந்தது. அதில் ஒரே வரி: ‘கம்ப்யூட்டர் ஐ7, 1 செட்’.

திங்கள் காலை 9.15, மார்க்கெட் திறந்ததும் சார்ட் உறைந்தது. ஒரு பங்கை வாங்கிவிட்டு வெளியே வரப் பார்க்கிறேன், ஆர்டர் விண்டோ அசையவில்லை. போன் ஆப்பில் விற்றுத் தப்பித்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘ஐ7-3770’ என்கிறது. அது மூன்றாம் தலைமுறை, 2012-ல் வந்த சில்லு! விண்டோஸ் 11 குறைந்தது எட்டாம் தலைமுறை கேட்கும். இதில் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள், அதுவும் ஆக்டிவேட் ஆகாமல். ரேம் 32 என்னவோ இருந்தது, ஆனால் பழைய டிடிஆர்3. டிஸ்க் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், ‘புது’ எஸ்எஸ்டி இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. யாரோ இரண்டு வருஷத்துக்கு மேல் அணைக்காமல் உழைக்க வைத்த சரக்கு. யுபிஎஸ்ஸைக் கேட்கவே வேண்டாம், கரண்ட் போன நொடியே அதுவும் போனது. நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையே காலை 9 மணிக்குத்தான் ஆரம்பிக்கும், தெரியுமல்லவா?

கடைக்கு போன் செய்தேன். “நெட் ஸ்லோவா இருக்குமுங்க்கா.” இல்லை என்றதும், “ப்ரோக்கர் சர்வர் ப்ராப்ளமா இருக்கும், திங்கக்கிழமைன்னா அப்படித்தான்.” 3770 என்று நம்பரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “ஐ7 தானுங்க்கா கேட்டீங்க? ஐ7 தான் போட்டிருக்கோம். பில்லைப் பாருங்க.” பார்த்தேன். அந்த ஒற்றை வரியை எதற்காக அப்படி எழுதினார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ட்வெல்த் ஜென் என்று வாயால் சொன்னதற்கு அவர்களிடம் பதிலே இல்லை.

நேரில் போனால் ஓனர் சபரிமலை போயிருக்கிறாராம். சேல்ஸ் வேறு, சர்வீஸ் வேறாம். கடைசியாக கவுண்டரில் இருந்தவன் கேட்டான்: “வீட்ல அண்ணன் இருந்தா போனைக் குடுங்க்கா, டெக்னிக்கலா பேசிக்கிறோம்.” ப்ராசஸர் நம்பரைக் கண்டுபிடித்தவள் நான், டெக்னிக்கலாகப் பேச அண்ணன் வேண்டுமாம்! 74,500 ரூபாயை விட இதுதான் எரிகிறது. இல்லை, 74,500-ம் எரிகிறது. என் வாட்ஸ்அப் மெசேஜ்களுக்கு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.

எப்படி செட்டப் போடுவது, எந்த பட்ஜெட்டுக்கு என்ன வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐ5, ஐ7 என்பதைக் கேட்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் முழு நம்பரைக் கேளுங்கள். அந்த நம்பரும் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறாமல் பணத்தை எடுக்காதீர்கள். டெமோ சிஸ்டத்தை நம்பாதீர்கள், உங்களுடையதைக் கடையிலேயே ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். யுபிஎஸ்ஸில் கரண்ட் ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். போனில் ப்ரோக்கர் ஆப் எப்போதும் லாகின் ஆகியே இருக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. கடைப் பெயர் கேட்காதீர்கள், வழக்கு முடியும் வரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.