"கஸ்டம்ஸ் எங்க பொறுப்பு" என்று சொல்லும் கார்கோ ஆளிடம் சாமான் கொடுக்கும் முன்

வளைகுடாவை விட்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பும் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். ஷார்ஜாவில் இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். அவளும் ஊர் திரும்புகிறாளாம். கிலோவுக்கு இவ்வளவு, கஸ்டம்ஸ் உட்பட, அரூரில் வீட்டு வாசலில் இறக்கித் தருவதாக ஒரு கார்கோக்காரர் சொன்னாராம். ஆள் யார் என்று விசாரித்தால், எங்களை நடுத்தெருவில் விட்ட அதே ஆள். கம்பெனி பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

நாங்கள் காவேரிப்பட்டணம். 2023 மார்ச் கடைசியில் விசாவை கேன்சல் செய்துவிட்டு, ஜூனில் பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று வந்துவிட்டோம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, என் தையல் மெஷின், பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் கார்கோவில். "போச்சம்பள்ளி பக்கம்தான்க்கா எங்க ஊரு" என்று அந்த ஆள் சொன்னதும் எங்க வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். வெளிநாட்டில் நம்ம ஊர்க்காரன் என்கிற ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆள் சொன்னதில் பெரிய பொய் இது: "ஆளுக்கு ஐம்பதாயிரம் ஃப்ரீ. நீங்க நாலு பேரு. ரெண்டு லட்சம் வரைக்கும் ஒரு பைசா டூட்டி கிடையாது." காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. அந்த ஐம்பதாயிரம் 2016 பேகேஜ் விதிகளில், அதாவது பயணிகள் கொண்டு வரும் சாமானுக்கான கஸ்டம்ஸ் விதிகளில், இருந்தது உண்மை. ஆனால் அது விமானத்தில் நம்மோடு கூட வரும் சாமானுக்கு. தனியாகக் கப்பலில் வருவதற்கு அந்தச் சலுகை கிடையவே கிடையாது. ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கோடு கூட்டிக் கணக்குப் போடவும் முடியாது.

எங்களைப் போல வீட்டையே காலி செய்து வருகிறவர்களுக்கு இருப்பது வேறு. குடிபெயர்வுச் சலுகை. கஸ்டம்ஸில் டி.ஆர். (டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்) என்பார்கள். வருவதற்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும்; அந்த இரண்டு வருடத்தில் லீவுக்கு ஊர் வந்து தங்கியது மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது; முந்தைய மூன்று வருடத்துக்குள் இதே சலுகையை வாங்கியிருக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் 2023-இல் ஐந்து லட்சம் மதிப்பு வரை வீட்டுச் சாமானுக்கு வரி இருக்கவில்லை. வாஷிங் மெஷின், 300 லிட்டருக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜ் எல்லாம் இதற்குள் வந்தன. ஃப்ளாட் டிவி வரவில்லை. அதற்கு எத்தனை வருடம் அங்கே இருந்திருந்தாலும் 38.5 சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. எங்கள் டிவியை 40,000 என்று மதிப்புப் போட்டார்கள், வரி 15,400. பழைய டிவி! கூடக் கொஞ்சம் போட்டால் இங்கேயே புதுசு வாங்கியிருக்கலாம். (இதெல்லாம் அப்போதைய விதி. விதியும் தொகையும் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் கிளம்பும்போது எது நடப்பில் இருக்கிறதோ அதைப் பாருங்கள்.)

சரி, தகுதி இருந்தும் நாங்கள் ஏன் மாட்டினோம்? தேதியில். தனியாக வரும் சாமான், நாம் இந்தியாவில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து அனுப்பப்பட்டிருக்க வேண்டும். இந்த ஆட்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனதும் கப்பலில் ஏற்றிவிடுவதில்லை. பலருடைய சாமானைச் சேர்த்து ஒரு கன்டெய்னர் நிறையும் வரை குடோனில் போட்டு வைப்பார்கள். போன் செய்தால் "கப்பல் கிளம்பிடுச்சுக்கா, டென்ஷன் ஆகாதீங்க" என்றே பதில். பில் ஆஃப் லேடிங்கை, அதாவது சாமானைக் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டை, கையில் வாங்கிப் பார்த்தால் மே கடைசித் தேதி. ஒரு மாதக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. பெட்டி எடுத்த அன்று கொடுத்த ரசீதை வீட்டுக்காரர் போனில் படம் பிடித்து வைத்திருந்ததால், தாமதம் எங்களுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்து, கஸ்டம்ஸ் உதவி ஆணையரிடம் கால நீட்டிப்பு வாங்க முடிந்தது. அந்தப் படம் இல்லாவிட்டால் எல்லாச் சாமானுக்கும் வரி பேசியிருப்பார்கள்.

பாஸ்போர்ட் நகல் போதும், நீங்கள் சென்னைக்கே வர வேண்டாம் என்று அந்த ஆள் சொன்னதும் பொய்தான். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொண்டு வரச் சொல்லி, வந்துபோன முத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணித்தான் இரண்டு வருடக் கணக்கையே பார்க்கிறார்கள்.

இனி வருவதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குவது. சென்னையில் கன்டெய்னர் குடோனில் பெட்டிகளைப் பிரிக்கும்போது நாங்கள் பக்கத்தில் நின்றோம். பாக்கிங் லிஸ்ட் என்று கார்கோக்காரர் அனுப்பியிருந்த தாளில் "வீட்டுச் சாமான்" என்று ஒரே வரி, கூடவே பெட்டி எண்ணிக்கை. எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பெட்டிகளில் மகள் நோட்டில் ஒட்டும் ஸ்கூல் லேபிளை நான் மூன்று பக்கமும் ஒட்டி, எந்தப் பெட்டியில் என்ன என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். இரண்டு பெட்டியில் லேபிள் இல்லை. பிரித்தால் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத சென்ட் பாட்டில்கள், அடுக்கடுக்காக. "இதெல்லாம் யாருதும்மா?" என்று அதிகாரி கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் பெயரில், எங்கள் பாஸ்போர்ட்டில், எவனோ ஒருவனின் வியாபாரச் சரக்கு! எங்கள் பெட்டிகளில் இரண்டு காணாமல் போயிருந்தன. அவற்றின் இடத்தில்தான் இவை. நோட்டைக் காட்டி, இவை எங்களுடையவை அல்ல என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த இரண்டையும் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனையும் நடக்க நடக்க குடோனில் டெமரேஜ், அதாவது சாமானை எடுக்கத் தாமதமாகும் நாட்களுக்கான கட்டணம், ஏறிக்கொண்டே இருந்தது. அது போக, "கஸ்டம்ஸ் சேர்த்து" என்ற ரேட்டில் சேராதவை: டெலிவரி ஆர்டர் (சாமானை நம்மிடம் விடச் சொல்லும் சீட்டு) கட்டணம், குடோன் கையாளும் கூலி, கஸ்டம்ஸ் வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் கூலி. சென்னையில் இருக்கும் கார்கோக்காரருடைய ஆள் இதை எல்லாம் கட்டினால்தான் டெலிவரி ஆர்டர் என்று சொல்லிவிட்டார். டிவி வரியைச் சேர்க்காமலே அறுபதாயிரத்துக்கு மேல். வீட்டு வாசல் என்றது கிருஷ்ணகிரி லாரி ஆபீஸோடு நின்றுவிட்டது. அங்கிருந்து காவேரிப்பட்டணத்துக்கு டாடா ஏஸ் பிடித்து நாங்களே கொண்டு வந்தோம். காணாமல் போன பெட்டிகளில் ஒன்றில் என் மாமியார் கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு.

ஷார்ஜா நம்பர் இப்போது எடுப்பதில்லை. சென்னை ஆள் "உங்களுக்கும் எனக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை" என்கிறார், வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்துவிட்டு. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதன்படி கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்தச் சென்னை ஆள் மீது மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு வருடக் கெடு உண்டு, அதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஷார்ஜா ஆளிடம் மூன்று விஷயத்தை எழுதிக் கேட்கும்படி சித்தி மகளிடம் சொன்னேன்: பில் ஆஃப் லேடிங் அவள் கணவர் பெயரில் வருமா, எந்தத் தேதிக்குள் கப்பலேறும், சென்னையில் வரி தவிர வேறு எதற்காவது காசு கேட்பார்களா. "அதெல்லாம் எழுதித் தர்ற பழக்கம் இல்லம்மா, வேணும்னா கிலோவுக்கு ரெண்டு திர்ஹம் குறைச்சுக்கலாம்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்ததாம். அவள் ஃப்ரிட்ஜையும் டிவியையும் அங்கேயே விற்றுவிட்டு, மிச்சத்தை வேறு இடத்தில் கொடுக்கிறாள்.

ஷார்ஜாவில் ரோலா பக்கம் இதே போல ரசீது வாங்கி, சென்னையில் கூடுதலாகப் பணம் கட்டியவர்கள் நம்ம மாவட்டத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த ரசீது நகலையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.