தென்னை பராமரிப்பு ஒப்பந்தம்: எல்லாம் சரி, அந்தப் பச்சை மட்டையை மட்டும் விடுங்கள்

எங்கள் வீட்டுத் தென்னைகளுக்கு மரப் பராமரிப்பு கம்பெனி ஒன்றில் வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். கூட வேலை பார்க்கும் நண்பருக்கு அது எப்படியோ தெரிந்து, "போடலாமா சார்?" என்று கேட்டார். கம்பெனியும் இந்த மாதம் கட்டணத்தைக் குறைத்து வாட்ஸ்அப்பில் விளம்பரம் விட்டிருக்கிறது. பெயர் வேண்டாம். திருநகர் பக்கம் இருப்பவர்கள் அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மரம் ஏற வரும் தம்பிக்குச் சோழவந்தான் பக்கம். தேங்காய் இறக்கிவிட்டுப் போகிற ஆள் இல்லை. குருத்து விரியும்போது விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு என்று கீழே நின்றபடியே சொல்லிவிடுவான். மேலே போய்க் கொக்கிக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி எடுத்துக் காட்டுவான். மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போடுவான். ஒரு தடவை இறங்கி வந்தவன், "அண்ணே, பக்கத்துல எருக்குழி இருக்கா?" என்று கேட்டான். இருந்தது, பின்வீட்டில். வண்டு முட்டையிட்டுப் பெருகுவது அங்கேதான். பின்வீட்டு அக்காவிடம் அவனே பேசி, குப்பையைக் கிளறி, கொழுத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டான். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை. இதற்காகவே பணம் கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

கோளாறு கீழே நிற்கும் சூப்பர்வைசரிடம். மரம் 'சுத்தமாக' இருக்க வேண்டும் அவருக்கு. "கீழ் வரிசையைப் பூராவும் இறக்குடா" என்று கத்துவார். காய்ந்த மட்டையோடு பச்சை மட்டையும் விழும். அதுவும் தண்டை ஒட்டி. பிறகு 'முன்', 'பின்' என்று இரண்டு போட்டோ எடுத்து அனுப்புவார்.

தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டைதான் விடும். மட்டைக்கு ஒரு பாளை. பச்சை மட்டையை வெட்டினால் மரத்தின் சாப்பாடு குறைகிறது, மேலே இருக்கும் குலைக்குத் தாங்கலும் போகிறது. அதைவிட மோசம், வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு தண்டுக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும். ஓட்டையில் பழுப்பாகச் சாறு வடிவதைக் கவனிக்காமல் விட்டால், கொண்டை சாயும்போதுதான் தெரியவரும். அப்புறம் மரத்தை வெட்ட வேண்டியதுதான். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டச் சொல்கிறார்கள் வேளாண்மைத் துறையினர். பூச்சியைத் தடுக்கக் காசு வாங்கிக்கொண்டு பூச்சிக்கு வாசல் திறந்து வைப்பதற்கு என்ன பெயர்?

கேட்டால், "சார், கஸ்டமர் எல்லாரும் சுத்தமா இருக்கணும்னுதான் கேக்குறாங்க" என்கிறார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். எதிர்வீட்டு மாமா அந்த மொட்டைத் தென்னையைப் பார்த்து, "பளிச்சுனு இருக்கேப்பா" என்றார்.

வெள்ளை ஈக்கு மருந்தடிக்கத் தனிக் கட்டணம் கேட்டது இன்னொரு எரிச்சல். சுருள் வெள்ளை ஈ 2016 வாக்கில் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டி, அப்புறம் தென்னை இருக்கிற இடமெல்லாம் பரவியது. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளை மாவு, கீழே நிற்கும் கொய்யா, வாழை இலையெல்லாம் கரும்பூசணம். கடுமையான மருந்தை அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள் போதும் என்றேன். ஒட்டுப்பொறி கட்டினார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

சரி, நண்பருக்குப் பதில்: போடாதீர்கள். தெரிந்த மரமேறியைக் கூப்பிட்டுக் கூட நின்று பார்த்துக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். "தனியா வர்றியா தம்பி?" என்று கேட்டதற்கு, "இல்லண்ணே, கம்பெனின்னா விழுந்தா கிழுந்தா இன்சூரன்ஸ் இருக்கு, வீட்ல பயப்படுறாங்க" என்றான். அதற்கு மேல் அவனிடம் என்ன பேச முடியும்?

அடுத்த வருஷத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். பச்சை மட்டையில் கை வைக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். சலுகை விலை புது ஆட்களுக்கு மட்டுமாம். அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும்.