விடியும் வரை வண்டியைத் தொடாத பட்டறை

எங்கள் பிக்கப் 2012ஆம் ஆண்டு வண்டி. நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர், காமன் ரெயில் டீசல் எஞ்சின், அதாவது எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. இதுவரை இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்குவதுதான் அதன் வேலை. மார்கழியில் உறைபனி விழத் தொடங்கியதும், விடியற்காலையில் செல்ஃப் வெகுநேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கும். பிடித்த பின்னும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு கேபின் முழுவதும் உதறும், கண் எரியும்படி வெண்புகை தள்ளும். அதன் பிறகு ஒன்றுமே நடக்காததுபோலச் சீராகிவிடும்.

இந்தக் கோளாற்றை அடிவாரத்தில் இரண்டு இடங்களில் காட்டினேன். மலை இறங்கி, மண்டியில் லோடு இறக்கிவிட்டு, பத்து மணி வெயிலில் பட்டறைக்குள் நுழையும்போது எஞ்சின் நல்ல சூட்டில் தையல் மிஷின் போல் சீராக ஓடும் என்பதால், அவர்கள் என் சொல்லை மட்டுமே நம்பி வேலை செய்ய வேண்டியிருந்தது. ஓரிடத்தில் டீசல் ஃபில்டரும் எஞ்சின் மவுண்டிங்கும் மாறின, இன்னோரிடத்தில், புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரி நீக்கினார்கள். வால்வில் கரி இருந்தது உண்மைதான், ஆனால் மறுநாள் காலை உதறல் அப்படியே இருந்தது.

மூன்றாவதாகப் போனது ஊட்டியில் உள்ள ஒரு சிறிய டீசல் பட்டறைக்கு. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்ட உரிமையாளர், வண்டியை இரவு முழுவதும் திறந்தவெளியில் விட்டுச் செல்ல வேண்டும் என்றும், காலையில் தான் வரும்வரை யாரும் சாவியைத் திருப்பக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஒரு நாள் லோடு போகுமே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தரை மணிக்கு அவர் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது அது தணிந்தது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட்டார். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் பொய்யாக அறுபது டிகிரி காட்டினால், எஞ்சின் சூடாக இருக்கிறது என்று நினைத்துக் வண்டியின் கம்ப்யூட்டர், குளிரில் எஞ்சின் பிடிக்க சிலிண்டர்களின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளுக்குப் போதிய நேரம் கரன்ட் கொடுக்காது. எங்கள் வண்டியில் ஆறும் ஏழும் காட்டியதால் சென்சார் மீதான சந்தேகம் தீர்ந்தது. அடுத்து, டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைவதால் பிளக் சூடாகிறது என்று பொருளில்லை என்று சொல்லி, பிளக்குகளை இணைக்கும் பட்டையில் டெஸ்ட் லாம்ப் வைத்தார். கரன்ட் வந்தது, ஆகவே பிளக்குகளுக்குக் கரன்ட்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் சரி.

பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். வண்டி உதறிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டோடு சேரும் நான்கு இடங்களிலும் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினார். முதல், நான்காம் சிலிண்டர்களில் வெப்பம் விறுவிறுவென ஏறியது. இரண்டும் மூன்றும் பின்தங்கி நின்றன. ஒரு நிமிடத்துக்குள் விடை கிடைத்துவிட்டது என்பதைவிட, அந்த ஒரு நிமிடத்தில் மட்டுமே அது கிடைக்கும் என்பதுதான் முக்கியம், ஏனெனில் எஞ்சின் சூடான பிறகு நான்கும் ஒன்றுபோலாகிவிடும். பட்டையைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தபோது இரண்டு பிளக்குகள் ஓர் ஓமுக்குப் பக்கத்தில் காட்டின, அதாவது அவற்றில் கரன்ட் ஓடும். இரண்டாவதும் மூன்றாவதும் முற்றிலும் அறுந்திருந்தன. நான்குக்கும் ஒரே ரிலே வழியாகக் கரன்ட் போவதால், தனித்தனியாக எது அறுந்தது என்பது இந்த வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எந்த ஸ்கேனரிலும் கோளாறுக் குறியீடு வராததற்குக் காரணம் இதுதான்.

பழைய பம்ப் வண்டிகளில் செய்வதுபோல, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் குழாய் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க அவர் முயலவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். காமன் ரெயிலில் டீசல் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் இருக்கும். பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பிளக்கைக் கழற்றும்போது ஒடிந்தால் ஹெட்டையே இறக்க நேரலாம் என்று முன்கூட்டியே எச்சரித்து, எஞ்சினைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கையாலேயே திருப்பி எடுத்தார். மூன்றாவது பிளக்குக்கு மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது. நான்கையும் மாற்றச் சொன்னபோது முதலில் வியாபாரமோ என்று நினைத்தேன். கழற்றிய மற்ற இரண்டின் முனையும் அரித்துப்போயிருந்ததைக் காட்டியதும் ஒப்புக்கொண்டேன். கூலியோடு 3,800 ரூபாய் ஆனது. பழைய பிளக்குகளைக் கேட்காமலே கையில் கொடுத்தார். பில்லைத்தான் இரண்டு முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தொலைபேசியை எடுக்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை, நேரில் போவதே வழி.

மறுநாள் காலை வண்டி முதல் செல்ஃபிலேயே பிடித்தது. வெண்புகை ஓர் இழுப்போடு நின்றது. இருந்தாலும் இருபது வினாடி அளவுக்கு லேசான நடுக்கம் மிஞ்சியிருந்ததால் மீண்டும் கொண்டுபோனேன். நான்கு இன்ஜெக்டர்களிலும், மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களில் பாட்டில் கட்டிப் பார்த்தார். மூன்றாவது பாட்டிலில் மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலாக டீசல் சேர்ந்திருந்தது, அந்த இன்ஜெக்டர் உள்ளே சற்றுக் கசிகிறது என்பதன் அடையாளம் அது. புதிய இன்ஜெக்டர் ஒன்றை என் தலையில் கட்ட அதுவே போதிய சாக்கு. இப்போது தேவையில்லை, அடுத்த கார்த்திகையில் மறுபடி பாட்டில் கட்டிப் பார்க்கலாம் என்று சொல்லி, அன்றைக்குக் காசும் வாங்காமல் அனுப்பிவிட்டார். அதுவரை அந்த இருபது வினாடி நடுக்கத்தோடுதான் கேரட் மலை இறங்குகிறது.