ஹால் சென்சார் என்று சொல்லி விற்ற ரடர் பெடல்: சென்னையில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள கடையில் 14,500 ரூபாய்க்கு வாங்கிய ரடர் பெடல் செட் (கணினி விமான, விண்வெளி விளையாட்டுகளில் மூக்கை இடம் வலமாகத் திருப்பக் காலால் மிதிக்கும் கருவி) ஒன்றைத் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்ததில் தெரிந்தவை இவை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மட்டும் எழுதினால் நாளைக்கு வேறு பெயரில் பலகை மாட்டிக்கொண்டு இதே சரக்கை விற்பார்கள். பொருளை எப்படி அடையாளம் காண்பது என்று தெரிந்தால் எந்தக் கடையானாலும் பிடித்துவிடலாம்.

விளம்பரத்தில் இருந்தது: முழு அலுமினியம், ஹால் சென்சார் (உரசாமல் காந்தப்புலத்தை வைத்து அசைவை அளப்பது), 12 பிட் (அசைவை எவ்வளவு நுணுக்கமாகப் படிகளாகப் பிரிக்கும் என்ற கணக்கு), மூன்று ஆக்சிஸ் (மிதிக்கும் அளவுக்கு ஏற்பப் படிப்படியாக மாறும் மூன்று அளவு: ரடர் ஒன்று, டோ பிரேக் இரண்டு), இம்போர்ட்டட். கைக்கு வந்தது: பவுடர் கோட்டிங் அடித்த இரும்பு, ஒரே ஒரு கார்பன் பொட்டென்ஷியோமீட்டர் (கார்பன் பாதையில் தொடுமுனை உரசி அளப்பது), 10 பிட் போர்டு. டோ பிரேக்கில் (பாதத்தின் முன்பகுதியால் அழுத்திப் போடும் சக்கர பிரேக்) இருந்தது இரண்டு மைக்ரோ சுவிட்ச். அதாவது மூன்று ஆக்சிஸில் இரண்டு கிடையவே கிடையாது. "சார், லைஃப் டைம் ப்ராப்ளமே வராது" என்று சொல்லி விற்ற செட், பதினோராவது நாள் நடுவில் காலை வைத்தாலே துடிக்க ஆரம்பித்தது.

கடையில் சோதித்துக் காட்டாமல் விற்கவில்லை. நன்றாகவே காட்டினார்கள். ஏமாற்று வேலை நடந்ததே அங்கேதான்.

கடைக்காரரின் லேப்டாப்பில் செருகி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, பெடலை மிதித்தால் பட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழுக்கிக்கொண்டு போகும். பார்ப்பவருக்குத் திருப்தி. ஆனால் விண்டோஸில் செய்யும் கேலிப்ரேஷன் (பெடலின் இரு கோடியையும் மையத்தையும் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது) பெடலுக்குள் பதிவாவதில்லை. அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில்தான் உட்காருகிறது. முன்கூட்டியே கேலிப்ரேட் செய்து வைத்த லேப்டாப்பில் பார்ப்பது சமைத்த எண், பச்சை எண் அல்ல. அதனால் உங்கள் லேப்டாப்பை எடுத்துப் போங்கள். ரன் பெட்டியில் ஆங்கிலத்தில் ஜாய் புள்ளி சிபிஎல் என்று தட்டுங்கள். சாதனத்தைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் செட்டிங்ஸ், பிறகு கேலிப்ரேட். வரும் ஜன்னலில் "டிஸ்ப்ளே ரா டேட்டா" என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் பெடல் உண்மையில் அனுப்பும் பச்சை எண் தெரியும்.

இந்த செட்டில் ஒரு பெடலை முழுக்க மிதித்தால் 448, மறு பெடலை முழுக்க மிதித்தால் 576. போர்டு தரக்கூடிய 1024 படிகளில் பயன்பட்டது 128 மட்டும்.

காரணம் எளிது. சாதாரண பொட்டென்ஷியோமீட்டரின் தண்டு ஏறக்குறைய 280 டிகிரி சுற்றும். பெடல் நெம்புகோல் அசைவதோ 35 டிகிரி. தண்டை நெம்புகோலோடு நேரடியாகப் பிணைத்துவிட்டால் கார்பன் பாதையில் எட்டில் ஒரு பங்குதான் வேலை செய்யும். 1024-ஐ எட்டால் வகுத்தால் 128. ஒழுங்காகச் செய்கிறவர்கள் நடுவில் சிறிய பற்சக்கரம் வைத்தோ, இணைப்புக் கம்பியின் நீளத்தை மாற்றியோ அந்த அசைவைப் பெருக்கிக்கொள்வார்கள். சிலர் மென்பொருளில் இழுத்து நீட்டி 0 முதல் 1023 வரை காட்டிவிடுவார்கள். அதையும் கண்டுபிடிக்கலாம்: பெடலை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தள்ளுங்கள். எண் ஒன்று ஒன்றாக ஏறாமல் எட்டு எட்டாகத் தாவினால் நீட்டிய கணக்கு.

அந்த எட்டில் ஒரு பங்கிலும் நடுப்பகுதிதான் முதலில் தேயும். விமான விளையாட்டில் பெரும்பாலான நேரம் கால் நடுவிலேயே நின்று லேசாக ஆடிக்கொண்டிருக்கும். தொடுமுனை அதே ஒரு மில்லிமீட்டரில் நாள் முழுக்க உரசுகிறது. கார்பன் தேய்ந்து தூளாகி அதே பாதையில் படியும். விளைவு: காலை எடுத்துவிட்டாலும் எண் நிற்காது, 509, 516, 503 என்று குதிக்கும். பழைய செட்டை விற்பவர்களின் வழக்கமான வித்தை, விற்பதற்கு முதல் நாள் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பது. தூள் கழுவப்பட்டுச் சில நாள் வெண்ணெய் போல ஓடும், பிறகு பழைய கதை. செகண்ட் ஹேண்ட் செட்டை முகர்ந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்ப்ரே வாடை வந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

"எனக்கு செஸ்னா மாதிரி சின்ன விமானம் மட்டும்தான், இவ்வளவு துல்லியம் எதற்கு" என்று கேட்கலாம். ஓரளவு நியாயம். காற்றில் பறக்கும் விமானத்துக்கு வால் துடுப்பு இருக்கிறது. மூக்கு சற்றுத் திரும்பினாலும் அதுவே நேராக்கிவிடும், பெடலின் துடிப்பு அதில் கரைந்துபோகும். விண்வெளி விளையாட்டில் அந்தச் சலுகை இல்லை. எலைட் டேஞ்சரஸில், கப்பலைத் தானாக நிலைநிறுத்தும் ஃப்ளைட் அசிஸ்டை அணைத்துவிட்டால் கப்பலைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. பெடலின் மையம் நாலு எண் நகர்ந்திருந்தால் கப்பல் மெல்லச் சுற்றத் தொடங்கி, சுற்றிக்கொண்டே இருக்கும். இதை மறைக்க டெட் ஜோன் (மையத்தை ஒட்டிய சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) வைக்கச் சொல்வார்கள். 128 படியில் பத்து சதவீதத்தை டெட் ஜோனுக்குக் கொடுத்தால் ஒரு பக்கத்துக்கு மிஞ்சுவது ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோதான். குறிபார்த்துச் சுடும்போது கப்பல் படிக்கட்டு இறங்குவது போல டக் டக்கென்று திரும்பும். இந்த செட்டின் கோளாறும் முதலில் பிடிபட்டது அங்கேதான். விமான விளையாட்டு மட்டும் ஆடியிருந்தால் இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கும்.

ஹால் சென்சாரா இல்லையா என்று பார்க்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. பழைய ஸ்பீக்கரிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ எடுத்த நல்ல காந்தம் ஒன்று போதும். பச்சை எண் திரையில் தெரியட்டும், பெடலைத் தொடாதீர்கள். சுழலும் அச்சின் அருகே காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஹால் சென்சார் காந்தப்புலத்தை அளக்கிற பொருள், எண் நகர்ந்தே ஆகவேண்டும். பொட்டென்ஷியோமீட்டர் அசையாது. "காந்தம் வைத்தால் சென்சார் கெட்டுவிடும்" என்று கடைக்காரர் கையைப் பிடித்தால் புரிந்துகொள்ளுங்கள். ஹால் சென்சார் அப்படியெல்லாம் கெடாது. (மூன்று கம்பி வருகிறதே, அதனால் ஹால்தான் என்று இந்தக் கடையில் விளக்கம் சொன்னார்கள். பொட்டென்ஷியோமீட்டருக்கும் மூன்று கம்பிதான்.) அதே காந்தத்தைப் பெடல் தட்டிலும் ஒட்டிப் பாருங்கள். அலுமினியத்தில் ஒட்டாது. இதில் பச்சக்கென்று ஒட்டியது. இரும்பு என்பதே குற்றமில்லை, கனமாக இருப்பது நல்லதும்கூட. ஆனால் வெட்டிய விளிம்புகளிலும் வெல்டிங் முனைகளிலும் கோட்டிங் மெலிந்திருந்தால் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்குவது கஷ்டம்.

இம்போர்ட்டட் என்ற சொல்லைச் சோதிக்க டிவைஸ் மேனேஜர் போதும். சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடி. விஐடி (தயாரிப்பாளரின் அடையாள எண்) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு குறிகளைப் பாருங்கள். 044எஃப் என்றால் த்ரஸ்ட்மாஸ்டர். 06ஏ3 என்றால் சைடெக். 2016-ல் லாஜிடெக் அதை வாங்கிக்கொண்டது. 231டி என்றால் விகேபி. இந்த செட்டில் வந்தது 2341, அது ஆர்டுயினோ, யாரும் வாங்கி நிரல் எழுதிக்கொள்ளும் சிறிய போர்டு. பெயரும் ஆர்டுயினோ லியோனார்டோ என்றே காட்டியது, அதை மாற்றக்கூட மெனக்கெடவில்லை. உள்ளே இருந்தது ப்ரோ மைக்ரோ வகை போர்டு, அதன் சிப்பில் இருப்பது 10 பிட் மாற்றி. 12 பிட் என்ற பேச்சே வராது. ஆர்டுயினோ வைத்துக் கையால் செய்த பெடல் மட்டம் என்று சொல்லவில்லை. நேர்மையாகச் சொல்லி நேர்மையான விலைக்கு விற்றால் அது நல்ல பொருள்தான். நல்ல லீனியர் (அசைவுக்கு ஏற்பச் சீராக எண் தரும்) ஹால் சென்சாரும் ஒழுங்கான பேரிங்கும் போட்டு இங்கேயே அழகாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டோ பிரேக்குக்கு: பாதத்தின் முன்பகுதியால் மெதுவாக அழுத்துங்கள். பட்டை படிப்படியாக ஏறினால் ஆக்சிஸ். 'டிக்' என்ற சத்தத்தோடு பட்டன் விளக்கு எரிந்தால் சுவிட்ச். ஓடுபாதையில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் லேசாக பிரேக் கொடுத்துத் திரும்ப சுவிட்ச் உதவாது, விமானம் மூக்கைக் குத்தும். அதே சமயம் எல்லோருக்கும் டோ பிரேக் தேவையில்லை. ஸ்பிட்ஃபயர், மிக்-21 போர் விமானங்களில் பிரேக் கைப்பிடி ஸ்டிக்கில்தான் இருக்கிறது. எந்தச் சக்கரம் பிடிக்க வேண்டும் என்பதை மட்டுமே பெடல் தீர்மானிக்கிறது. விகேபியின் டி-ரடர் டோ பிரேக் இல்லாமலேயே வருகிறது. விண்வெளி விளையாட்டு மட்டும் ஆடுகிறவர் அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, ஒருவர் வீட்டில் விமானம் நகரவே மாட்டேன் என்கிறது என்றால் உடனே பெடலைத் திட்டாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் டோ பிரேக் ஆக்சிஸ் தலைகீழாகப் பதிவாகியிருந்தால் காலை எடுத்தபோது முழு பிரேக் விழும். கன்ட்ரோல் அமைப்பில் ரிவர்ஸ் ஆக்சிஸ் போட்டால் தீர்ந்தது.

கடையில் கார்பெட் மேல் வைத்துக் காட்டுவார்கள். நம் வீடுகளில் வழவழ டைல்ஸ். அவசரமாக மிதித்தால் பெடல் ஒரு பக்கம், சக்கரம் வைத்த நாற்காலி மறுபக்கம். த்ரஸ்ட்மாஸ்டரின் டிபிஆர் பெடல் ஏழு கிலோ எடை. அதையே பலகையில் திருகி வைப்பவர்கள் உண்டு. முக்கால் அங்குல பிளைவுட்டில் பெடலைத் திருகி, அதே பலகையின் பின்பகுதியில் நாற்காலிச் சக்கரம் உட்காரக் குழி போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

பிராண்டட் செட்டிலும் ஒரு பொறி உண்டு. த்ரஸ்ட்மாஸ்டரின் டிஎஃப்ஆர்பி பெடலைப் பழையதாக வாங்கினால் வயரின் நுனியைப் பாருங்கள். டெலிபோன் பிளக் போன்ற ஆர்ஜே12 முனை மட்டும் இருந்தால், அதை ஏற்கும் அந்த நிறுவனத்தின் ஜாய்ஸ்டிக் உங்களிடம் இருக்க வேண்டும், அல்லது யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். அடாப்டரைத் தனியே வைத்துக்கொண்டு பெடலை மட்டும் தள்ளிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். கார் விளையாட்டுப் பெடலை "இதுவும் அதேதான்" என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரடரில் ஒரு பெடல் முன்னே போனால் மற்றது பின்னே வரவேண்டும். கார் பெடல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

இனி பணம். இந்த விற்பனைக்குக் கொடுத்தது எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. அது பில் அல்ல. யூபிஐ பணம் போனது கடையின் பெயருக்கு அல்ல, வேறொரு தனிநபர் பெயருக்கு. திருப்பிக் கொண்டுபோனபோது முதலில் விண்டோஸ் அப்டேட் மேல் பழி, அடுத்து "ஹப்பில் செருகினீர்களா, போர்டு போயிருக்கும்", கடைசியில் "இது நாங்கள் விற்றதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?". ஜிஎஸ்டி எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்து இலக்கம் இருக்கும், தமிழ்நாட்டுக் கடையானால் 33-ல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயர் என்று வந்துவிடும். பில்லில் ஹால் சென்சார், மூன்று ஆக்சிஸ் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பொருளில் அது இல்லை. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். வெறும் பழுப்பு அட்டைப்பெட்டியில் வந்தது இம்போர்ட்டட் ஆகாது.

பில் இருந்தால் 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். தன் பழைய செட்டைத் தனிநபர் ஒருவர் விற்றிருந்தால் இந்த வழி பொருந்தாது. அங்கே முன்பணம் அனுப்பாமல் நேரில் பார்ப்பது ஒன்றுதான் காப்பு. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே இதே செட்டை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், பொட்டென்ஷியோமீட்டரை மாற்றினால் கொஞ்ச காலம் ஓட்டலாம். பி10கே என்று கேளுங்கள். ஏ10கே வாங்கிவிடாதீர்கள். அது ஆடியோ வால்யூமுக்கானது, ஒரு பக்கம் மந்தமாகவும் மறு பக்கம் வெறியோடும் திரும்பும். ஹாலுக்கு மாறுவதானால் 49இ என்ற லீனியர் வகை வேண்டும். 3144 என்று தருவது வெறும் ஆன் ஆஃப் சுவிட்ச், அது இதற்கு ஆகாது.

செட்டின் அடையாளம்: கறுப்புச் சொரசொரப்பு கோட்டிங், நடுவில் ஒற்றை ஸ்ப்ரிங், போர்டை மூடிய 3டி பிரிண்ட் செய்த சாம்பல் நிற டப்பா, டப்பாவில் எந்தப் பெயரும் இல்லை. அச்சில் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை நைலான் புஷ். ஒரு தட்டைப் பிடித்து ஆட்டினால் எண் நகராமலேயே மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆடும்.